கூடுதல் குரோமோசோம் இருந்தும் மூளை ஏன் சிறுக்கிறது? சுண்டெலிக் கரு ஆய்வுகள் பற்றி ஒரு கேள்வி

இளந்தளிர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயிரியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குரோமோசோம் கோளாறுகள் சுண்டெலிக் கருவின் மூளையை எப்படிப் பாதிக்கின்றன என்று கருத்தரங்கில் பேச வேண்டும். மூன்று வாரமாக வாசிக்கிறேன். வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்துபோனால் மூளை பாதிக்கப்படும் என்பது புரிகிறது. தேவையான புரதம் பாதி அளவுதான் கிடைக்கும். ஆனால் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டிரைசோமியில் எதுவும் தொலையவில்லை. எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. அவற்றில் சில மட்டும் இரண்டு படிக்கு (நகலுக்கு) பதில் மூன்று படியாக இருக்கின்றன. அப்படியிருக்க, மூளை சிறுப்பது ஏன்?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு கட்டுரை, கருவிலேயே மூளை வளர்ச்சி பின்தங்கிவிட்டது என்கிறது. மற்றொன்று, பிறக்கும்வரை குறை எதுவும் தென்படவில்லை என்கிறது. இரண்டும் டவுன் நோய்க்குறிக்கான (மனிதரில் குரோமோசோம் 21 கூடுவதால் வருவது) சுண்டெலிகளை வைத்துச் செய்தவைதான். எதை நம்புவது?


நுண்ணோக்கி எழுதியது:

இளந்தளிர், நல்ல கேள்வி. நான் பல ஆண்டுகள் சுண்டெலிக் கருக்களின் மூளையைச் சீவி, சாயமிட்டு, செல்களை எண்ணும் வேலை செய்தவள். என் அனுபவத்தில் இதற்கான பதிலில் பெரும்பகுதி நேரத்தில்தான் இருக்கிறது.

சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 19 நாள். மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணிக்கு வேண்டிய நரம்பணுக்கள் பிறப்பது அதில் 11ஆம் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை. ஆறே நாள். மூளையின் உள்ளறையை ஒட்டி ஒரு மெல்லிய படலமாக முன்னோடிச் செல்கள் நிற்கின்றன. அவை பிரிந்து பிரிந்து தங்களைப் பெருக்கிக்கொள்கின்றன. பிறகு நரம்பணுக்களை ஈன்று மேலே அனுப்புகின்றன. தாக்காஹாஷி, நோவகோவ்ஸ்கி, கேவினஸ் ஆகிய மூவரும் 1995இல் இதைத் துல்லியமாக அளந்து காட்டினார்கள். அந்த ஆறு நாளில் 11 பிரிவுச் சுற்றுகள் நடக்கின்றன. முதல் சுற்றுக்கு 8 மணி நேரம் ஆகிறது. கடைசிச் சுற்றுக்கு 18 மணி நேரம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு மணி நேரம் மட்டும் நீண்டால், 11 சுற்றுக்கு 11 மணி நேரம் போய்விடும். தொடக்கத்தில் ஒரு சுற்று என்பது 8 மணி நேரம்தான். அதாவது, முன்னோடிச் செல்கள் இரட்டிக்கும் வாய்ப்பு ஒன்று கைவிட்டுப் போகிறது. ஒரு செல்கூடச் சாகவில்லை, எந்த மரபணுவும் பழுதாகவில்லை. ஆனாலும் கூட்டம் குறைந்துவிடும். மூன்றாவது படி செய்வது ஏறத்தாழ இதுதான். டவுன் நோய்க்குறி ஆய்வில் அதிகம் பயன்படும் டிஎஸ்65டிஎன் சுண்டெலியில், 2007இல் டாரிக் ஹேடரின் குழு இதைக் கண்டது. முன்னோடிச் செல்களின் பிரிவுச் சுற்று நீண்டிருந்தது, நரம்பணுக்கள் பிறப்பது பின்தங்கியிருந்தது.

சுற்று ஏன் நீள்கிறது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. மூன்று படியாகும் மரபணுக்களில் டிர்க்1ஏ என்று ஒன்று. அதன் புரதம், செல்லைப் பிரிவுக்குள் தள்ளிவிடும் சைக்ளின் டி1 என்ற புரதத்தைச் சிதைவுக்கு அனுப்புகிறது. டிர்க்1ஏ கூடினால் சைக்ளின் டி1 குறையும். செல் பிரிவதற்கு முன் காத்திருக்கும் காலம் நீளும். 'மூன்று இருந்தால் கூடத்தானே வேண்டும்' என்று உங்களுக்குத் தோன்றுகிறது. கூடுவது முடுக்கி என்றால் அப்படித்தான். இங்கே கூடியிருப்பது கடிவாளம்.

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. டிஎஸ்65டிஎன் கரு பின்தங்கியதை ஈடுசெய்ய முயல்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இரண்டாம் வரிசை முன்னோடிச் செல்கள் பெருகி, குறைந்துபோன எண்ணிக்கையை ஈடுகட்டுகின்றன. அப்படியும் பிறந்தபின் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் உருவாவதில் பின்தங்கல் தொடர்கிறது. பட்டம் தவறி விதைத்த வயலைப் போல. நாற்று எண்ணிக்கை சரியாக இருக்கும், பயிர் மட்டும் பருவத்தோடு சேராது. மூளையில் ஒரு நரம்பணு பிறந்துவிட்டால் போதாது, அது சேரவேண்டிய நரம்பிழைகள் வந்து நிற்கும் நேரத்தில் பிறந்திருக்க வேண்டும்.


கணக்கன் எழுதியது:

நுண்ணோக்கி சொன்னதில் எனக்கு ஓர் ஐயம். டிரைசோமிக் கரு முழுவதுமே சிறியதாக, பின்தங்கியதாக இருப்பதுண்டு. பதின்மூன்றாம் நாள் கரு, பார்வைக்குப் பன்னிரண்டரை நாள் கருவைப் போல இருக்கும். அப்படியானால் மூளை பின்தங்கியிருப்பது மூளைக்கே உரிய குறையா, உடல் முழுவதற்கும் உள்ள தாமதத்தில் ஒரு பங்கா? நாளை ஒப்பிட்டால் ஒரு விடை வரும், வளர்ச்சிக் கட்டத்தை ஒப்பிட்டால் வேறு விடை வரும். பல கட்டுரைகளில் எதை ஒப்பிட்டார்கள் என்பதே தெளிவாக இருப்பதில்லை.


நுண்ணோக்கி எழுதியது:

கணக்கன், அந்த ஐயம் நியாயமானது. நானே அதில் அடிபட்டிருக்கிறேன். ஒரே வயிற்றில் இருக்கும் கருக்களே ஒன்றுக்கொன்று அரை நாள் முன்பின்னாக இருக்கும். தொடக்கக் காலத்தில் நான் எண்ணிய ஒரு தொகுப்பில் டிரைசோமிக் கருக்களின் புறணி அழகாக மெலிந்து தெரிந்தது. பிறகு கைகால் மொட்டின் வடிவத்தைப் பார்த்துக் கட்டத்தைச் சரிசெய்து மறுபடி அடுக்கினேன். வேறுபாட்டில் பாதி கரைந்துவிட்டது. நான்கு மாத உழைப்பு அது. கரைந்தது வருத்தம்தான், கரையாமல் மிஞ்சிய மற்றப் பாதியைத்தான் அன்றிலிருந்து நம்புகிறேன்.

அதனால்தான் மூளையின் பருமனை விடப் பிரிவுச் சுற்றின் நீளத்துக்கு மதிப்புக் கொடுக்கிறேன். டிஎன்ஏவில் ஏறும் அடையாளப் பொருளைத் தாய்க்குச் செலுத்தி, இத்தனை மணி நேரத்தில் எத்தனை செல்கள் பிரிவைத் தொடங்கின என்று நேரடியாக அளக்கலாம். அது கருவின் பருமனைப் பார்த்து ஏமாறாது.


பழைய ஆசிரியர் எழுதியது:

மரபியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். இளந்தளிருக்கு ஒரு வேண்டுகோள். டிஎஸ்65டிஎன்னில் தொடங்காதீர்கள். அதற்கு இருபது ஆண்டு முன்னே போங்கள். இந்தத் துறை எங்கே பிறந்தது என்று தெரிந்தால், இன்றைய குழப்பங்கள் பாதி விளங்கும்.

சுண்டெலிக்கு 40 குரோமோசோம்கள். எல்லாமே ஒரு முனையில் மையப்புள்ளி உள்ள ஒற்றைக் கைக் குச்சிகள். சுவிட்சர்லாந்தில் போஸ்கியாவோ என்ற மலைப் பள்ளத்தாக்கில் வாழும் சுண்டெலிகளுக்கு 26 தான் இருந்தன. எதையும் இழந்ததால் அல்ல. குச்சிகள் இரண்டிரண்டாக முனையில் ஒட்டிக்கொண்டு இரட்டைக் கைக் குரோமோசோம்களாகிவிட்டன. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் குரோப் இதைக் கண்டபோது இதன் பயனையும் கண்டுகொண்டார். ஒரே கை பொதுவாக உள்ள இரு வேறு இரட்டைக் குரோமோசோம்களை ஒரே விலங்கில் சேர்த்துவிட்டால், அதன் இனச்செல்கள் உருவாகும்போது அந்தப் பொதுக் கை சரியாகப் பிரியாமல் தடுமாறும். எந்தக் குரோமோசோமுக்கு டிரைசோமி வேண்டுமோ, அதற்கேற்ற பெற்றோரை இணைசேர்த்தால் போதும். 1970களில் அவரும் அவர் குழுவும் சுண்டெலியின் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக மூன்று படியாக்கிப் பார்த்தார்கள்.

கிடைத்த விடைகள் இன்றும் வியக்க வைக்கின்றன. உடற்குரோமோசோம் (பால் குரோமோசோம் அல்லாதது) ஒன்று குறைந்த கருக்கள் கருப்பையில் ஒட்டும் காலத்தையொட்டியே அழிந்துவிட்டன. ஒன்று கூடியவை நீண்ட நாள் தாக்குப்பிடித்தன. அவையும் பெரும்பாலும் பிறக்கவில்லை. மிகச் சிறிய உடற்குரோமோசோமான 19 மூன்று படியானவை மட்டும் சில பிறந்து சில நாள் வாழ்ந்தன. டிரைசோமி 12 கருக்களில் தலைப்பகுதி மூடாமல் மூளை திறந்தே நின்றது. நரம்புக் குழாய் மூடுவது எட்டரை நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையிலான வேலை. அந்தச் சின்ன இடைவெளியில் இரு மடிப்புகளும் நடுவில் சந்திக்கத் தவறினால் பிறகு ஒருபோதும் சந்திப்பதில்லை. நுண்ணோக்கி சொன்ன 'நேரம்' என்பதற்கு இதை விடக் கொடூரமான சான்று வேண்டியதில்லை.

டவுன் நோய்க்குறிக்கு வருவோம். மனிதரில் குரோமோசோம் 21 கூடுவதே காரணம் என்று 1959இல் பாரிஸில் லெஜூன், கோத்தியே, டர்பான் ஆகியோர் வெளியிட்டார்கள். மனிதரின் 21இல் உள்ள மரபணுக்கள் சுண்டெலியில் ஒரே இடத்தில் இல்லை. 16, 17, 10 என மூன்று குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பங்கு 16இல். எனவே முதலில் டிரைசோமி 16 சுண்டெலியை மாதிரியாகக் கொண்டார்கள். ஆனால் அந்த 16இல் டவுன் நோய்க்குறிக்குத் தொடர்பில்லாத மரபணுக்களும் ஏராளம். இதயக் கோளாறும் உடல் வீக்கமும் வந்து, பிறக்குமுன்னோ பிறக்கும்போதோ இறந்துவிடும். நினைவாற்றலை ஆராய வளர்ந்த விலங்கு கிடைக்காது.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் மியூரியல் டேவிசன் கதிர்வீச்சால் குரோமோசோம்களை உடைத்து, மாறி ஒட்டிக்கொண்டவற்றைத் தேடி எடுத்து டிஎஸ்65டிஎன்னை உருவாக்கினார். 16இன் கடைசித் துண்டு, 17இன் மையப்புள்ளித் துண்டோடு ஒட்டி ஒரு குட்டிக் குரோமோசோமாக நிற்கும். இது பிறக்கிறது, வளர்கிறது, கற்றுக்கொள்வதில் தடுமாறுகிறது. 1990களிலிருந்து இந்தத் துறை இதன் தோளில்தான் நடந்துவந்திருக்கிறது.


கணக்கன் எழுதியது:

ஆசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். இளந்தளிரின் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு கட்டுரையை எடுத்தால் நான் முதலில் கேட்பது 'எந்தச் சுண்டெலி?' என்பதைத்தான்.

டிஎஸ்65டிஎன்னில் ஒட்டியிருக்கும் அந்த 17இன் துண்டைப் பாருங்கள். அதில் ஐம்பது, அறுபது மரபணுக்கள் மூன்று படியாகின்றன. அவற்றுக்கு மனிதரின் 21ஓடு எந்தத் தொடர்பும் இல்லை. டவுன் நோய்க்குறி உள்ள எந்த மனிதரிடமும் அவை மூன்று படியாக இருப்பதில்லை. ஆக, அந்தச் சுண்டெலியின் மூளையில் காணும் ஒரு குறை எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? இந்த ஐயத்தைத் தீர்க்கவே அந்தத் துண்டை மரபணு வெட்டு முறையில் நீக்கிய டிஎஸ்66யா என்ற வழித்தோன்றலை உருவாக்கினார்கள், 2022இல் வெளிவந்தது. டிஎஸ்65டிஎன்னில் கண்ட குறைகள் சில அதில் மறைந்தன, சில தணிந்தன.

அதற்கும் முன்பு 2007இல், யூஜின் யூவின் குழு, 16இன் தொடர்புள்ள பகுதியை மட்டும் அதே இடத்தில் இரட்டித்து டிபி16 என்ற சுண்டெலியை உருவாக்கியிருந்தது. கூடுதல் குரோமோசோம் ஏதும் இல்லை, தொடர்பில்லாத மரபணுவும் இல்லை. 2018இல் டிஎஸ்65டிஎன், டவுன் நோய்க்குறிக்கான இன்னொரு சுண்டெலியான டிஎஸ்1சிஜேஈ, டிபி16 மூன்றையும் கருவிலிருந்து முதுமை வரை ஒரே கூடத்தில் ஒப்பிட்டார்கள். முதல் இரண்டிலும் கருப்பருவத்திலேயே மூளையில் குறை தெரிந்தது. டிபி16இல் தெரியவில்லை, பிறந்தபின்தான் நடத்தையில் சிக்கல் வந்தது. இளந்தளிர் வாசித்த இரு கட்டுரைகளும் மோதவில்லை. இருவரும் வெவ்வேறு விலங்கைப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு செய்திகள் சொல்லியாக வேண்டும்.

ஒன்று தாய். டிஎஸ்65டிஎன் ஆண்கள் பெரும்பாலும் கருத்தரிக்கச் செய்வதில்லை. எனவே கூடுதல் குரோமோசோம் தாய் வழியாகவே வருகிறது. அதாவது, அந்தக் கரு வளர்வது டிரைசோமி உள்ள தாயின் கருப்பையில். மனிதரில் டவுன் நோய்க்குறிக் குழந்தையின் தாய் பொதுவாக இயல்பான குரோமோசோம் உள்ளவர். கருவின் குறையில் கருப்பையின் பங்கு எவ்வளவு?

மற்றொன்று கண். இந்த இனத்தை வளர்க்கும் கலப்புவழியில் சி3எச் என்ற வம்சம் கலந்திருக்கிறது. அது விழித்திரையை அழிக்கும் ஒரு பிறழ்வைச் சுமப்பது. பெற்றோர் இருவரும் அதைச் சுமந்தால் குட்டிகளில் நான்கில் ஒன்று, பால் மறக்கும் வயதிலேயே பார்வை இழந்துவிடும். இப்போது நினைவாற்றல் தேர்வை நினைத்துப் பாருங்கள். தொட்டி நீரில் நீந்தவிட்டு, சுவரிலுள்ள அடையாளங்களைப் பார்த்து மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பார்வையற்ற விலங்கை அதில் இறக்கிவிட்டு 'கற்கவில்லை' என்று எழுதினால் அது அந்த உயிருக்குச் செய்யும் அநீதி. பிறழ்வு நீக்கிய வழி பின்னர் தனியாக வந்தது. எந்த வழியைப் பயன்படுத்தினார்கள், கண்ணைச் சோதித்தார்களா என்று பழைய கட்டுரைகளில் கட்டாயம் பாருங்கள்.


இளந்தளிர் எழுதியது:

கண் விஷயம் எந்த மீள்பார்வைக் கட்டுரையிலும் என் கண்ணில் படவில்லை. மிகவும் நன்றி.

ஆசிரியர் ஐயா, நுண்ணோக்கி அக்கா, உங்கள் இருவரிடமும் ஒன்று கேட்கிறேன். பொறுப்பு குறிப்பிட்ட சில மரபணுக்களுடையதா? அல்லது, எந்தக் குரோமோசோம் கூடினாலும் செல் சுமை தாங்காமல் திணறுகிறதா? குரோப்பின் சுண்டெலிகளைப் பார்த்தால் இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. டிர்க்1ஏவைப் பார்த்தால் முதலாவது.


நுண்ணோக்கி எழுதியது:

இதில் நான் சுமையின் பக்கம் சாய்கிறேன். 2008இல் ஆஞ்செலிகா அமோனின் ஆய்வகம், குரோப்பின் அதே உத்தியால், 1, 13, 16, 19 ஆகிய நான்கு வெவ்வேறு டிரைசோமிகளின் கருச்செல்களை எடுத்து வளர்த்தது. நான்கிலும் மரபணுக்கள் வேறு வேறு. ஆனாலும் பிரிவு மந்தமாவது, வளர்சிதை மாற்றம் பிசகுவது போன்ற பொதுவான குறைகள் வந்தன. நூற்றுக்கணக்கான புரதங்கள் அளவு மிஞ்சும்போது, அவற்றை மடித்து வைப்பதும் மிச்சத்தைச் சிதைப்பதும் செல்லுக்குப் பெரும் பாரம். பிரிவதே வேலையாக இருக்கும் மூளை முன்னோடிச் செல்கள் அந்தப் பாரத்தை முதலில் உணர்வதில் வியப்பில்லை.


பழைய ஆசிரியர் எழுதியது:

மறுக்கிறேன், மதிப்போடு. பொதுச் சுமைதான் காரணம் என்றால் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் இரண்டு படிக்குத் திருப்பினால் எதுவும் மாறக் கூடாது. ஆனால் மாறியது.

புறணியில் கிளர்ச்சியூட்டும் நரம்பணுக்கள் உள்ளறைப் படலத்தில் பிறக்கின்றன. அடக்கும் நரம்பணுக்கள் பிறப்பது மூளையின் அடிப்பக்க மேடுகளில். அங்கிருந்து நெடுந்தூரம் பக்கவாட்டில் பயணம் செய்து புறணிக்கு வருகின்றன. டிஎஸ்65டிஎன்னில் முதல் வகை தாமதமாக, இரண்டாம் வகை தேவைக்கு மேல் பிறக்கிறது. ஆக, ஒரே மூளையில் ஓர் இடத்தில் குறை, இன்னோர் இடத்தில் மிகை. பொதுவான திணறல் என்றால் எல்லா இடத்திலும் குறையத்தானே வேண்டும்? 2010இல் ஹேடரின் குழு, ஒலிக்1, ஒலிக்2 என்ற இரு மரபணுக்களை மட்டும் மூன்றிலிருந்து இரண்டு படிக்குக் கொண்டுவந்தது. அடக்கும் நரம்பணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் மிஞ்சியிருந்த அடக்கும் மின்னோட்டமும் தணிந்தது. மற்றக் கூடுதல் மரபணுக்கள் எல்லாம் அப்படியே மூன்று படியாகத்தான் இருந்தன.

டிர்க்1ஏவையும் பாருங்கள். அதன் ஒரு படியை மட்டும் இழந்த சுண்டெலிக்கும் மூளை சிறுக்கிறது. மனிதரிலும் ஒரு படி இழந்தால் தலை சிறுத்து அறிவுவளர்ச்சி குன்றுகிறது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. அளவு தப்பக் கூடாத மரபணுக்கள் என்று ஒரு சிறுகூட்டம் இருக்கிறது. மீதி எல்லாம் பெரும்பாலும் உடன் பயணிகள்.


நுண்ணோக்கி எழுதியது:

ஒலிக் சான்று வலுவானது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அடக்கும் நரம்பணுக்களின் மிகைக்கு விடை. உள்ளறைப் படலத்தின் மந்தத்துக்கு விடை அல்ல. அதோடு, டவுன் நோய்க்குறி உள்ள மனித மூளைகளை இறப்புக்குப்பின் ஆராய்ந்தபோது, அடக்கும் நரம்பணுக்கள் குறைந்திருந்ததாகவும் பதிவு உண்டு. சுண்டெலியின் மிகை மனிதரிடமும் இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள், இளந்தளிர்.


கரையோரம் எழுதியது:

இதுவரை கூடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். குறைவதைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். முழுக் குரோமோசோம் குறைந்தால் பிழைப்பதே இல்லை என்றால் மூளையை ஆராய்வது எப்படி?


நுண்ணோக்கி எழுதியது:

கரையோரம், ஒரு விதிவிலக்கு உண்டு. பால் குரோமோசோமான எக்ஸ் ஒன்று மட்டும் உள்ள பெண் சுண்டெலி நன்றாகப் பிறந்து, வளர்ந்து, குட்டியும் போடும். மனிதரில் அதே நிலையில் பெரும்பாலான கருக்கள் கலைந்துவிடுகின்றன. பெண்களின் இரு எக்ஸில் ஒன்று அணைந்துவிடும் என்று மேரி லயன் 1961இல் சுண்டெலியை வைத்துத்தான் சொன்னார். அணைந்த எக்ஸிலும் விழித்திருக்கும் மரபணுக்கள் மனிதரை விடச் சுண்டெலியில் குறைவு. எனவே ஒன்றை இழந்தால் அதற்கு நட்டமும் குறைவு.

மற்றபடி துண்டு இழப்புகளைத்தான் ஆராய்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்தது லிஸ்1 கதை. மனிதரில் குரோமோசோம் 17இன் முனைத்துண்டு ஒரு படி போனால் மில்லர்-டீக்கர் நோய்க்குறி வருகிறது. மூளையின் மடிப்புகள் உருவாகாமல் புறணி வழவழப்பாக இருக்கும். அதில் முக்கியமான இழப்பு லிஸ்1 என்ற மரபணு. சுண்டெலியில் இதை ஆராயப் போனால் ஒரு சிக்கல். இயல்பான சுண்டெலியின் மூளையே மடிப்பில்லாத வழவழப்பான மூளை! வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது.

ஆனால் சீவி உள்ளே பார்த்தால் தெரியும். நரம்பணுக்கள் உள்ளறையிலிருந்து மேலே ஏறி, முந்திப் பிறந்தவை அடியிலும் பிந்திப் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேலேயும் அமர வேண்டும். ஏறும்போது செல்லின் உட்கருவை முன்னே இழுக்கும் டைனின் என்ற இயந்திரத்துக்கு லிஸ்1 துணை. 1998இல் லிஸ்1இன் அளவைப் படிப்படியாகக் குறைத்த சுண்டெலிகளை உருவாக்கினார்கள். இரு படியும் இல்லாத கரு ஒட்டியவுடன் அழிந்தது. ஒரு படி இருந்ததில் ஏறுவது தாமதமானது. அதை விடவும் குறைத்தபோது அடுக்குகளே குலைந்தன. ஒரு படி போனால் மனிதருக்கு நேரும் அழிவு, சுண்டெலிக்கு அதே அளவில் நேர்வதில்லை. மனித நரம்பணு ஏறவேண்டிய தொலைவு பன்மடங்கு அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.


கணக்கன் எழுதியது:

கூடுதல், குறைதல் இரண்டும் ஒரே மூளைக்குள் செல்லுக்குச் செல் மாறி இருப்பதைப் பற்றியும் இளந்தளிர் இரண்டு நிமிடம் பேசலாம். 2001இல் ஜெரால்ட் சன்னின் குழு, இயல்பான சுண்டெலிக் கருவின் புறணியில் பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் ஏறத்தாழ 33 சதவீதத்தில் குரோமோசோம் எண்ணிக்கை தவறியிருக்கிறது என்று அறிவித்தது. பலர் அதிர்ந்தார்கள். 2014இல் அமோனின் ஆய்வகம் ஒற்றைச் செல்லின் டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது எந்தத் திசுவிலும் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை, மூளை உட்பட. முதலாவது பிரியும் செல்லின் குரோமோசோம்களைக் கண்ணாடித் தகட்டில் விரித்து எண்ணும் முறை. விரிக்கும்போதே ஒன்றிரண்டு நழுவிவிடலாம். இரண்டாவதில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அது பார்த்தது வளர்ந்த மூளையின் செல்களை. இடையில் பழுதான செல்கள் இறந்து ஒழிந்திருக்கவும் கூடும். அப்படி ஒழிவது மிகத் தொடக்கக் கட்டக் கருவில் நடப்பதை 2016இல் மக்தலேனா செர்னிக்கா-கோட்ஸின் குழு நேரில் படம்பிடித்தது. பாதி இயல்பான செல்களும் பாதி பழுதான செல்களும் கலந்த கருவில், உடலாக மாறப்போகும் பகுதியிலிருந்த பழுதான செல்கள் தாமே மடிந்தன. கரு பிழைத்தது.


தாழை எழுதியது:

நான் ஆய்வாளர் அல்ல. டவுன் நோய்க்குறி உள்ள ஒன்பது வயது மகளின் தாய். மூன்று நாளாக இந்த இழையை வாசித்து வருகிறேன். பலவும் புரியவில்லை, ஆனால் என் மகளின் மூளை எப்படி உருவானது என்று இதுவரை யாரும் எனக்கு இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

சுண்டெலிக்குப் பிறந்த அன்றே ஒரே ஓர் ஊசி போட்டு மூளையைச் சரிசெய்துவிட்டார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா? உண்மை என்றால், என் மகளுக்குக் காலம் கடந்துவிட்டதா?


நுண்ணோக்கி எழுதியது:

தாழை அம்மா, நீங்கள் கேட்டது நல்லது. உண்மையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டவுன் நோய்க்குறியில் சிறுமூளை குறிப்பாகச் சிறியது. மூளையின் நரம்பணுக்களில் மிகப் பெரும்பான்மை சிறுமூளையின் சிறுமணிச் செல்கள்தாம். மனிதரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. ரோஜர் ரீவ்ஸின் குழு 2000இல் டிஎஸ்65டிஎன்னில் இவற்றின் அடர்த்தி குறைந்திருப்பதைக் கண்டது. பிறகு மனித மூளையில் தேடியபோது அங்கும் அதே குறை இருந்தது. சுண்டெலி முன்னே போய் வழிகாட்டியதற்கு இது நல்ல சான்று. 2006இல் காரணமும் தெரிந்தது. சிறுமணிச் செல்லின் முன்னோடிகளைப் பெருகச் சொல்லும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையை டிரைசோமிச் செல்கள் சரியாகக் கேட்பதில்லை. 2013இல், பிறந்த அன்று அந்தச் சமிக்ஞையை உரக்கச் சொல்லும் வேதிப்பொருளை ஒரே முறை செலுத்தினார்கள். வளர்ந்தபின் சிறுமூளை இயல்பான அளவில் இருந்தது. நீந்திக் கற்கும் தேர்விலும் முன்னேற்றம்.

ஆனால் அந்தச் சமிக்ஞை அளவு மீறினால் சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி உருவாகும் என்பதும் உறுதியாகத் தெரிந்த ஒன்று. சுண்டெலி பிறக்கும் நாளில் அதன் சிறுமூளை, மனிதக் குழந்தை கருப்பையில் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் நிலையை ஒத்தது. மனிதரில் அந்த முன்னோடிப் படலம் பிறந்து ஒன்றரை ஆண்டுக்குள் மறைந்துவிடுகிறது. எனவே அந்த ஊசி உங்கள் மகளுக்கானது அல்ல. எந்தக் குழந்தைக்கும் அது இன்று மருந்து அல்ல. 2014இல் இத்தாலியக் குழு ஒன்று, கருவுற்ற சுண்டெலிகளுக்கு ஃபுளுவாக்ஸெட்டின் கொடுத்துக் குட்டிகளின் மூளையில் செல் பெருக்கத்தை மீட்டது. அதையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

'காலம் கடந்துவிட்டதா' என்று கேட்டீர்கள். செல்கள் பிறக்கும் காலம் கடந்துவிட்டது. இணைப்புகள் உருவாகி, உறுதியாகி, மாறும் காலம் கடக்கவில்லை. ஒன்பது வயதில் அது முழு வீச்சில் நடக்கிறது. என் கையால் எண்ணிய செல்களை வைத்து ஒரு குழந்தை என்ன கற்கும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், அம்மா.


தாழை எழுதியது:

நன்றி. பொய்யான நம்பிக்கை கொடுக்காமல் சொன்னீர்கள். அதற்காகவும் நன்றி. பிறந்தபின் வளர்க்கும் விதத்தால் அந்தச் சுண்டெலிகளிடம் ஏதாவது மாறியதா?


கணக்கன் எழுதியது:

மாறியது. 2002இல் ஸ்பெயினில் டிஎஸ்65டிஎன் குட்டிகளைப் பொம்மைகள், சுழல்சக்கரம், நிறையத் துணைகள் உள்ள பெரிய கூண்டில் வளர்த்தார்கள். பெண் சுண்டெலிகள் முன்பை விட நன்றாகக் கற்றன. ஆண்களின் திறன் கூடவில்லை, குறைந்தது. நெரிசலும் ஓயாத தூண்டலும் அவற்றுக்குப் பாரமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எல்லோருக்கும் ஒரே சூழல் ஒரே பயன் தருவதில்லை என்பதைச் சுண்டெலியிலேயே பார்க்க முடிந்தது.


தாழை எழுதியது:

என் மகளும் கூட்டத்தில் வாடிவிடுவாள். இருவர் மூவரோடு இருந்தால் பேசிக்கொண்டே இருப்பாள். சுண்டெலியை வைத்து அவளை அளக்கவில்லை. படித்ததும் நினைவுக்கு வந்தது.


இளந்தளிர் எழுதியது:

தாழை அம்மா, நீங்கள் எழுதியதை வாசித்தபின் என் உரையின் வரிசையை மாற்றிவிட்டேன். போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் தொடங்கி, டிரைசோமி 12இன் திறந்த மூளை, பிறகு ஆறு நாள் கணக்கு. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் எந்தச் சுண்டெலி என்று பெயர் எழுதப்போகிறேன்.

கணக்கன் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. என்னிடம் இருக்கும் பெரும்பாலான வரைபடங்களில் ஆண், பெண் இரண்டையும் சேர்த்தே சராசரி எடுத்திருக்கிறார்கள். அப்படியே காட்டலாமா?


கணக்கன் எழுதியது:

மூலத் தரவு கிடைக்கும் கட்டுரைகளுக்குப் பிரித்து வரையுங்கள். கிடைக்காதவற்றில், 'இரு பாலும் சேர்ந்தது' என்று வரைபடத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள். கருவின் மூளைக்கும் அப்படியே செய்யுங்கள். பதினோராம் நாள் கருவிலேயே பாலைக் கண்டறிய முடியும், பலர் பார்ப்பதில்லை.